சுண்ணாம்பு வாசம் அடிக்கிற டோர்ட்டியா

"ஏய், இதுல சுண்ணாம்பு வாசம் வருதுடி"ன்னு அம்மா சொன்னதும் கையில இருந்த டாக்கோவ, அதாவது டோர்ட்டியாங்கற மெக்சிகோ மக்காச்சோள ரொட்டியில கறி வச்சு மடிச்சத, அப்படியே தட்டுல வச்சுட்டேன். ஏழு வருஷமா இந்த மெக்சிகன் கடையில சாப்பிடுறேன், அந்த வாசம் எனக்கு நல்லாத் தெரியும், கதவத் தொறந்ததுமே மூக்குல ஏறும், ஆனா அது என்ன வாசம்னு ஒரு நாளும் எனக்குப் பேர் சொல்லத் தெரிஞ்சதில்ல. அம்மா ஊர்ல இருந்து வந்து மூணு வாரந்தான் ஆச்சு, முத வாய மென்னு முழுங்குறதுக்குள்ள சொல்லிட்டாங்க. எங்க அம்மாச்சிக்கு தினமும் வெத்தலையில சுண்ணாம்பு தடவி மடிச்சுக் குடுத்து வளர்ந்தவங்க, அந்த மூக்கு தப்புமா?

கடை சான் பிரான்சிஸ்கோவுல மிஷன் ஏரியாவுல 24-வது தெருவுல இருக்கு, எங்க வீட்டுல இருந்து 20 நிமிஷ நடை. இந்தத் தெருவப் பத்தி கொஞ்சம் சொல்லணும். பார்ட் ரயில் ஸ்டேஷன்ல இறங்கி கிழக்க நடந்தா ரெண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைங்க, காலையிலேயே இனிப்பு ரொட்டி வாசம் அடிக்கிற பேக்கரிங்க, கறிக்கடை, ஊருக்குப் பணம் அனுப்புற கடை, மாம்பழத்த வெட்டி மிளகாத்தூள் தூவி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கப்புல குடுக்குற அம்மாங்க. நடுவுல பால்மி சந்துன்னு ஒண்ணு, சந்து முழுக்க சுவர் ஓவியம், 1984-ல ஒரு கலைஞர் கூட்டமே சேர்ந்து மத்திய அமெரிக்காவுல நடந்த போர்களப் பத்தி வரைஞ்சாங்க, அதுக்கப்பறமும் புதுசு புதுசா வரைஞ்சுக்கிட்டேதான் இருக்காங்க. 2014-ல இந்தத் தெருவ லத்தீன் கலாச்சார வட்டாரம்னு நகரசபை அறிவிச்சுச்சு. அறிவிச்சாலும் வாடகை ஏறுறது நிக்கல, எத்தனையோ குடும்பங்க தலைமுறையா இருந்த வீட்ட விட்டு ஊருக்கு வெளிய போயிட்டாங்க, ஒவ்வொரு தடவ போறப்பவும் நம்ம கடை இன்னும் இருக்கான்னு தூரத்துல இருந்தே போர்ட எட்டிப் பாத்துட்டுதான் நடப்பேன்.

அம்மாவுக்கு செவ்வாய் வெள்ளி கவிச்சி கிடையாது, அதனால புதன்கிழமை கூட்டிட்டுப் போனேன். மத்தியானம் ஒண்ணரை மணி, பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு வந்த ஆளுங்க நாலு பேரு ஒரு டேபிள்ல, ஸ்கூல் விட்டு வந்த பேத்தியோட ஒரு தாத்தா இன்னொரு டேபிள்ல, டிவில ஃபுட்பால். மொத்தம் எட்டு டேபிள்தான். வேலைக்காரங்க சாப்பிட்டு முடிச்சுக் கிளம்புறப்ப எங்க டேபிளத் தாண்டிப் போகையில "புவென் ப்ரொவேச்சோ"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்களா இருந்தாலும் சாப்பிடுற ஆளப் பாத்தா "நல்லாச் சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போறது அவங்க வழக்கம். அம்மா "யாருடி, உனக்குத் தெரிஞ்சவங்களா"ன்னு கேட்டாங்க, இல்லம்மா எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்கன்னேன், "நல்ல பழக்கம்"னாங்க.

நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல டாக்கோன்னா என்னன்னு நெனச்சிருந்தேன்னு சொல்லிடறேன். ஒரு ஆபீஸ் கேன்டீன்ல மஞ்சக் கலர்ல மொறமொறன்னு யு ஷேப்ல ஒரு ஓடு, உள்ள கொத்துக்கறி, துருவுன சீஸ், பச்சையா லெட்டுஸ், கடிச்ச உடனே ஓடு நொறுங்கி பாதி சட்டையில. ரெண்டு வருஷம் மெக்சிகன் சாப்பாடுன்னாலே அதுதான்னு நெனச்சு ஒதுங்கியிருந்தேன். அப்பறம் கூட வேலை பாத்த ஒரு பொண்ணு, அவங்க அம்மா அப்பா மெக்சிகோவோட மிச்சோவகான்ல இருந்து வந்தவங்க, ஒரு நாள் கையப் புடிச்சு இழுக்காத கொறையா இந்தக் கடைக்குக் கூட்டிட்டு வந்தா. "முதல்ல வெறும் டோர்ட்டியாவத் தின்னு பாரு, அப்பறம் உள்ள இருக்கறதப் பாக்கலாம்"னா. அன்னிக்குத்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. டாக்கோவுல டோர்ட்டியாதான் சாப்பாடு, கறி அதுக்குத் தொட்டுக்க. நாம இட்லி நல்லா இருக்குன்னா இட்லியத்தான் சொல்றோம், சாம்பார இல்லல்ல? அதே கணக்குதான். டோர்ட்டியா சரியில்லன்னா மேல எந்தக் கறிய வச்சும் காப்பாத்த முடியாது.

சரி, சுண்ணாம்புக்கு வர்றேன். அம்மா மூக்கு சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. காஞ்ச மக்காச்சோளத்த சுண்ணாம்புத் தண்ணியில போட்டு வேக வைப்பாங்க, ஒரு கிலோ சோளத்துக்கு சுமாரா 10 கிராம் சுண்ணாம்பு, முக்கா மணி நேரம் போல கொதிச்சதும் அடுப்ப அணைச்சுட்டு ராத்திரி பூரா அப்படியே ஊற விட்டுடுவாங்க. காலையில பாத்தா தண்ணி மஞ்சளாக் கொழகொழன்னு இருக்கும், சோளத்த ரெண்டு கையிலயும் அள்ளித் தேய்ச்சா தோல் வழண்டு வந்துரும், நாம உளுந்து ஊறவச்சு தோல் கழுவுற மாதிரியேதான். கழுவி எடுத்தத அரைச்சா மாசா, அதாவது மாவு. அந்த ஊறுன சோளத்துக்குப் பேரு நிக்ஸ்தமால், மெக்சிகோவோட பழங்குடி மொழியான நாவாட்ல்ல சாம்பலும் மாவும் சேர்ந்த சொல்லு, ஏன்னா சுண்ணாம்பு மாதிரியே சாம்பலப் போட்டும் இதச் செய்யலாம்.

வெறும் மக்காச்சோள மாவ பச்சத்தண்ணி ஊத்திப் பிசைஞ்சு தட்டிப் பாருங்க, ஓரம் பூரா வெடிச்சு உதிரும். சுண்ணாம்புல வெந்த சோளம் அப்படி இல்ல, பசை மாதிரி கூடி வரும், மெல்லிசாத் தட்டலாம், சுருட்டுனாலும் உடையாது. இன்னொரு விஷயம் இதவிடப் பெருசு. மக்காச்சோளத்துல இருக்கற நயாசின்ங்கற வைட்டமின் அப்படியே தின்னா நம்ம உடம்புல சரியா ஒட்டாது, சுண்ணாம்பு அத விடுவிச்சுக் குடுக்குது. கொலம்பஸ் காலத்துக்கப்பறம் ஐரோப்பாக்காரங்க சோளத்த மட்டும் கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்க, சுண்ணாம்புப் பக்குவத்தக் கேட்டுக்கல. சோளமே கதின்னு இருந்த ஏழைங்களுக்கு வட இத்தாலியில, ஸ்பெயின்ல, அப்பறம் அமெரிக்காவோட தென் மாநிலங்கள்லகூட பெலக்ரான்னு ஒரு நோய் வந்துச்சு, தோல் வெடிச்சு, வயித்தால போயி, கடைசியில புத்தியே பேதலிச்சுச் செத்தாங்க. தொத்து நோயின்னே ரொம்ப நாளு நெனச்சிருந்தாங்க, 1914-க்கு அப்பறம் ஜோசப் கோல்ட்பெர்கர்னு ஒரு டாக்டர்தான் இது சாப்பாட்டுக் கோளாறுன்னு பாடுபட்டு நிரூபிச்சாரு. மெக்சிகோவுல ஆயிரக்கணக்கான வருஷமா அதே சோளத்தத் தின்னவங்களுக்கு அந்த நோய் வரல. யாரோ ஒரு பாட்டி, பானையில சுண்ணாம்பு போட்டுப் பாத்த ஒரு பாட்டி, எத்தனை கோடிப் பேர காப்பாத்தியிருக்கான்னு நெனச்சா எனக்கு உடம்பு சிலிர்க்குது, பேர்கூட தெரியாத அந்தப் பாட்டிய மனசாரக் கும்புடணும்னு தோணும்.

இதெல்லாம் அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன், அவங்க கேட்டுக்கிட்டே சல்சாங்கற சட்னிக் கிண்ணங்கள ஒவ்வொண்ணா மோந்து பாத்தாங்க. இந்தக் கடையில சல்சா நாமளே எடுத்துக்கலாம். சிவப்பு ஒண்ணு, சில்லி தே ஆர்போல்னு நீள மெலிஞ்ச காஞ்ச மிளகாய வறுத்து அரைச்சது, நம்ம பூண்டு மிளகாச் சட்னி காரத்துக்கு ஒரு படி மேல. அப்பறம் கேரட்டும் ஹலபேஞோ மிளகாயும் வினிகர்ல ஊறப்போட்டது (இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும், ஸ்பானிஷ்ல என் எழுத்து மேல ஒரு வளைவு போட்டு எழுதுற அந்த ஒலிக்கு நமக்கு ஞ ரெடியா இருக்கு, எனக்கு அதுல பெரிய சந்தோஷம்). பச்சை சல்சாவ நாக்குல வச்ச அம்மா, "இது தக்காளி இல்லையே, புளிப்பு வேற மாதிரி இருக்கு"ன்னாங்க. அது தோமாதீயோ. பக்கத்துக் காய்கறிக்கடையில காட்டுறேன்னு சொல்லி, சாப்பிட்டு முடிச்சு வெளிய வந்ததும் காட்டுனேன், பேப்பர் மாதிரி ஒரு உறைக்குள்ள பச்சைப் பழம், தொட்டா விரல்ல பிசுபிசுக்கும். அம்மா ஒண்ண எடுத்து உறைய உரிச்சதுமே முகம் மாறிடுச்சு. "இது சொடக்குத் தக்காளிடி! கொஞ்சம் பெருசா இருக்கு, அவ்வளவுதான்." ஆமா, ரெண்டும் ஒரே இனந்தான். வரப்போரம் பறிச்சு நெத்தியில வச்சு சொடக்குனு ஒடைச்சு விளையாடுன காயோட பெரியக்கா இங்க சல்சா ஆயிட்டா.

மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி எல்லாமே அந்தப் பக்கத்துல இருந்து நமக்கு வந்ததுதான். மிளகு மாதிரி உறைக்கிற காய்னு மிளகாய்னு பேர் வச்சுக்கிட்டோம், அதுக்கு முன்னாடி நம்ம குழம்புக்குக் காரமே மிளகுதான். நம்ம பக்கத்துல இருந்து அங்க போனதும் உண்டு, அது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல பெரிய கண்ணாடி ஜாடியில நிக்குது, ஆக்வா தே தமரிந்தோ. புளிய ஊறவச்சுக் கரைச்சு சர்க்கரை போட்டு ஐஸ் போட்டுக் குடுப்பாங்க. பக்கத்து ஜாடியில புளிச்சகீரை இனத்துச் செம்பூவ ஊறவச்ச சிவப்புத் தண்ணி, அடுத்தது அரிசியும் பட்டையும் ஊறவச்சு அரைச்ச ஓர்ச்சாத்தா. அம்மாவுக்குப் புளித்தண்ணி வாங்குனேன், உறிஞ்சுட்டு "பானகம்டி இது, சுக்கும் ஏலக்காயும்தான் இல்ல, வெல்லத்துக்குப் பதிலா சீனி"ன்னாங்க. அவங்க சொன்னதுல எனக்குத் திருத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல. மெக்சிகோவுல ஒரு மாம்பழ ஜாதிக்கு மணிலா மாம்பழம்னே பேரு, 1565-ல இருந்து 1815 வரைக்கும் மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் கப்பல் ஓடுச்சே, அந்த வழி.

ஆர்டர் பத்தி. அம்மா மாட்டுக்கறி, பன்னிக்கறி ரெண்டும் தொட மாட்டாங்க, அதனால அவங்களுக்கு ஒரு சிக்கன் டாக்கோ, ஒரு நோபாலஸ் டாக்கோ. நோபாலஸ்னா சப்பாத்திக்கள்ளி! முள்ள சீவி, பட்டையா நறுக்கி, வெங்காயம் தக்காளி போட்டு வதக்குனது, வெண்டைக்காய் மாதிரி லேசா வழவழப்பு, லேசாப் புளிப்பு. மெக்சிகோ கொடியில கழுகு உக்காந்திருக்கற செடி அதுதான். சின்ன வயசுல அந்தச் செவப்புப் பழத்தப் பறிச்சுத் தின்னு வாயெல்லாம் செவந்து அடி வாங்குன கதைய அம்மா சொன்னாங்க, ஆனா இலையத் திங்கலாம்னு யாரும் எங்களுக்குச் சொல்லலையேன்னு அவங்களுக்கு நெஜமாவே ஆதங்கம்.

எனக்கு ரெண்டு அல் பாஸ்தோர். பன்னிக்கறிய மெல்லிசா வெட்டி காஞ்ச மிளகாயும் அச்சியோத்தேங்கற செவப்பு விதையும் அரைச்சு ஊறவச்சு, கம்பியில அடுக்கடுக்காக் குத்தி நிமித்தி வச்சு நெருப்புப் பக்கமாச் சுத்த விடுவாங்க, உச்சியில ஒரு அன்னாசிப்பழம். பாத்த உடனே ஷவர்மா ஞாபகம் வரும், வரணும், ஏன்னா அதேதான். லெபனான் பக்கத்துல இருந்து வந்து மெக்சிகோவோட பியூப்லா ஊர்ல குடியேறுனவங்க கொண்டு வந்த வித்தை, அங்க இருந்து மெக்சிகோ ஆளுங்க கைக்குப் போயி கறியும் மசாலாவும் மாறிடுச்சு. அந்த அடுக்குக்கு அவங்க வச்ச பேரு ட்ரொம்போ, பம்பரம்னு அர்த்தம், மேல அகலமா கீழ குறுகலா சுத்துறதப் பாத்தா வேற பேரே வைக்க முடியாது. சாப்பிடுறப்ப டாக்கோவ சாய்க்கக் கூடாது, நம்ம தலையத்தான் சாய்க்கணும், அதையும் அம்மாவுக்குக் காட்டிக் குடுத்தேன்.

தலைக்கறி, நாக்கு, குடல் எல்லாம் போர்டுலயே இருக்கும். மதுரைக்காரங்களுக்கு அதப் படிச்சாலே ஊர் ஞாபகம் வந்துரும், கபேசான்னா தலை, லெங்குவான்னா நாக்கு, த்ரீபாஸ்னா குடல். சைவம் சாப்பிடுறவங்க மட்டும் ரெண்டு கேள்வி கேட்டுக்கங்க, மசிச்ச பீன்ஸ்ல நிறைய கடையில பன்னிக்கொழுப்பு சேப்பாங்க, சாதத்துல சிக்கன் தண்ணி இருக்கலாம், கேட்டா ஒளிக்காம சொல்லிடுவாங்க.

பரீத்தோ ஏன் வாங்கலன்னு கேப்பீங்க. மிஷன் பரீத்தோ இந்த ஏரியாவுலதான் பொறந்துச்சு, 1961-லயே நாங்க போட்டோம்னு எல் ஃபாரோ கடை சொல்லுது, கோதுமை ரொட்டிக்குள்ள சாதம் பீன்ஸ் கறி எல்லாம் வச்சு ஒரு முழங்கை தண்டிக்கு அலுமினியத் தாள்ல சுத்திக் குடுக்குறது. பசியான நாள்ல நானும் சாப்பிடுவேன், நல்லாத்தான் இருக்கும். ஆனா அம்மாவுக்கு முத நாளே சோளத்தோட வாசம் தெரியணும்னு நெனச்சேன், கோதுமை ரொட்டிதான் நாம பாக்காததா? மெக்சிகோ சிட்டியில எல் கலிஃபா தே லியோன்னு ஒரு கடை, 1968-ல இருந்து இருக்கு, உக்கார நாற்காலி கிடையாது, நின்னுக்கிட்டேதான் சாப்பிடணும், மெனுவுல மொத்தமே நாலு டாக்கோ, அதுக்கு 2024 மே மாசம் மிஷலின் ஸ்டார் குடுத்தாங்க, சாப்பாட்டுக் கடைங்களுக்குக் குடுக்குற பெரிய கௌரவம் அது. செய்தியப் படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. எனக்கும் அந்தக் கடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா கல்லுக்கு முன்னாடி நாள் பூரா நின்னு டோர்ட்டியா போடுற கைகள ஒருத்தர் நிமிர்ந்து பாத்துட்டாங்கல்ல.

எங்க கடையிலயும் அப்படி ஒரு அம்மா இருக்காங்க. அறுபது வயசு இருக்கும், எல்லாரும் செஞோரான்னுதான் கூப்பிடுவோம், கல்லாவுக்குப் பக்கத்துலயே பெரிய இரும்புக்கல்லு, கோமால்னு பேரு, தோசைக்கல்லேதான். ஈரத்துணி மூடுன தொட்டியில இருந்து எலுமிச்சம்பழ அளவு மாவப் பிச்சு, உருட்டி, ரெண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவுல வச்சு மரப்பலகையால ஒரு அழுத்து, தாள உரிச்சு கையில வாங்கி, கல்லு மேல விரல் படாம சாய்ச்சுப் போடுவாங்க. ஓரம் கிளம்புனதும் திருப்பு, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு திருப்பு, அப்ப நடுவுல விரலால ஒரு தட்டு, புஸ்ஸுன்னு பூரி மாதிரி உப்பும். மாவு பதமா இல்லன்னா, கல்லு சூடு பத்தலன்னா உப்பாது.

அம்மா சாப்பிட்டு முடிச்சு கை கழுவப் போனவங்க திரும்ப டேபிளுக்கு வரல. பாத்தா கல்லுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருக்காங்க. கூட்டம் கொறைஞ்சிருந்துச்சு. அம்மா தமிழ்ல "மாவு அம்மியில அரைச்சதா மிஷின்லயா"ன்னு கேட்டு ரெண்டு கையாலயும் குழவி இழுக்குற மாதிரி காட்டுறாங்க, செஞோரா சிரிச்சுக்கிட்டே "மெத்தாத்தே, மெத்தாத்தே"ன்னு அதே மாதிரி இழுத்துக் காட்டுறாங்க. மூணு கால் வச்ச சாய்வான கல்லு, மேல ரெண்டு கையால இழுக்குற உருளைக் கல்லு, அதுக்குப் பேரு மெத்தாத்தே, நம்ம அம்மியும் குழவியும்தான். இங்க இப்ப மிஷின், ஊர்ல அவங்க அம்மா கல்லுலதான் அரைப்பாங்களாம், நான் போயி மொழிபெயர்த்தேன், ஆனா பாதி விஷயத்த அவங்க ரெண்டு பேரும் ஏற்கனவே பேசி முடிச்சிருந்தாங்க.

செஞோரா கொஞ்சம் மாவப் பிச்சு அம்மா கையில வச்சாங்க. அம்மா அத மோந்து பாத்து, விரலால நசுக்கிப் பாத்து, கொழுக்கட்டைக்கு உருட்டுற மாதிரி உருட்டுனாங்க, ஒரு வெடிப்பு இல்ல. செஞோரா அழுத்திக் குடுத்தாங்க, கல்லுல போடுறது மட்டும் அம்மாவே போட்டாங்க, ஒரு ஓரம் லேசா மடிஞ்சுடுச்சு. ஒரு திருப்பு. இன்னொரு திருப்பு. மூணு பேரும் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்குறோம். நடுவுல தட்டுனதும் பொசுக்குன்னு உப்பி எழுந்துச்சு பாருங்க, செஞோரா கையத் தட்டிட்டு ஸ்பானிஷ்ல என்னமோ சொன்னாங்க. டோர்ட்டியா உப்புனா அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு ரெடின்னு அவங்க பக்கம் சொல்வாங்களாம். அம்மாகிட்ட சொன்னேன். "முப்பத்தாறு வருஷம் லேட்டுன்னு சொல்லு"ன்னாங்க, சொன்னேன், செஞோரா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க.

அந்த டோர்ட்டியாவ செஞோரா கல்லுல இருந்து எடுத்து, மேல ரெண்டு சிட்டிகை கல்லுப்பு தூவி, இறுக்கமாச் சுருட்டி அம்மா கையில குடுத்தாங்க. தாக்கோ தே சால், உப்பு டாக்கோ, அடுப்படியில சுத்துற பிள்ளைங்களுக்கு அம்மாங்க சுருட்டிக் குடுக்குறது. கறி இல்ல, சல்சா இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மா பாதியப் பிச்சு எனக்கு நீட்டுனாங்க, ஆவி பறந்துச்சு, அங்கயே நின்னுக்கிட்டு தின்னோம்.

ஒரு டஜன் டோர்ட்டியா வாங்கிக்கிட்டோம், காகிதத்துல சுத்தித் துணி மாதிரி மடிச்சுக் குடுத்தாங்க, 48-ஆம் நம்பர் பஸ்ஸுல அம்மா அத மடியில வச்சுக்கிட்டாங்க. சனிக்கிழமைன்னா அங்க ஆட்டுக்கறி பிர்ரியா போடுவாங்கம்மா, மெக்சிகோவோட ஹலிஸ்கோ பக்கத்துச் சமையல், மிளகாச் சாந்துல ஊறவச்சு மணிக்கணக்கா வேகவச்ச கறி, கூட ஒரு கப்பு அதே சாறுன்னு சொன்னேன். "சனிக்கிழமை எத்தனை மணிக்குத் தொறப்பாங்க"ன்னு கேட்டாங்க.